தரங்கம்பாடியில் தடைக்காலம்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

இன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. என் வீட்டுக்காரர் போகும் விசைப்படகு பழையாறு துறைமுகத்தில் கட்டியாயிற்று. இனி ஜூன் 14 வரை 61 நாள். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். மீன் முட்டையிடும் சமயத்தில் கடலை அரிக்கக் கூடாது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுவதும் இந்த மாதங்களில்தான். ஊருக்குள் வேன் வேனாக ஆள் வந்து இறங்கும்போது விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். டேனிஷ் கோட்டைப் பக்கம் தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்கும் அத்தைக்கு வருஷத்தின் பெரிய வியாபாரம் இப்போதுதான். மீன் கிடைக்காததும் இப்போதுதான். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விட்டதும் நானும் அத்தைக்குக் கையுதவியாக வண்டியில் நிற்பேன்.

மே 3, வெள்ளி

வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. தெரியாமல் வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு நேரே வண்டிக்கு வருகிறார்கள். அத்தை எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பார்.

மே 12, ஞாயிறு

நல்ல கூட்டம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், பத்துப் பேர் இருப்பார்கள். கல்லில் ஆறு துண்டு வஞ்சிரம் வெந்துகொண்டிருந்தது. அத்தை துண்டைத் திருப்பிப் போட்டதும் கறிவேப்பிலை பொரிந்து வாசம் பரவியது. அந்த அண்ணன் பர்ஸை எடுத்துக்கொண்டே, “ஆயா, இது இன்னைக்குப் புடிச்சதுதானே?” என்று கேட்டார்.

“இல்லப்பா. இப்போ எங்க பெரிய படகெல்லாம் கடலுக்குப் போகக் கூடாது. இது கேரளாவுலேர்ந்து ஐஸ்ல வந்தது, நாகப்பட்டினத்துல எடுத்தேன். கெட்டுப்போகல. ஆனா இன்னைக்குப் புடிச்சது இல்ல.”

அவர் பர்ஸை மூடிவிட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையில் “காலையில வந்த மீன் சார்” என்று கூப்பிட்டார்கள். பத்துப் பேரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அத்தையும் அந்தக் கடைக்காரரும் விடியற்காலையில் ஒரே வண்டியில் போய், ஒரே பெட்டியைப் பிரித்துப் பங்கு போட்டுக்கொண்டு வந்தவர்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏன் அத்தை, சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதுமே என்றேன். அத்தை அடுப்பைக் குறைத்தார். “நாம மீனு பிடிக்கிறவங்க. மீன்ல பொய் சொன்னா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு?” என்று மட்டும் சொன்னார். ஆறு துண்டையும் இரவு நாங்களே சாப்பிட்டோம்.

மே 13, திங்கள்

ராத்திரி முழுக்க அதே நினைப்பு. வருகிறவர்களுக்கு டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டியது தெரிகிறது, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றது தெரிகிறது. கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் எங்களுக்கு இரண்டு மாதம் கடல் இல்லை என்பது தெரியவில்லை. சொல்லாதது அவர்கள் தப்பா? பிள்ளையின் பழைய சிலேட்டை எடுத்து எழுதி வண்டியில் மாட்டினேன்: “ஏப்ரல் 15 – ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம். இன்று: ஐஸ் வஞ்சிரம். ஃபைபர் படகு வந்தால் நெத்திலி, மத்தி.”

அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தார்.

மே 19, ஞாயிறு

சிலேட்டைப் படித்துவிட்டுப் போனவர்களும் உண்டு, நின்றவர்களும் உண்டு. ஒரு கல்லூரிப் பெண் தடைக்காலம் என்றால் என்ன, சின்ன ஃபைபர் படகு மட்டும் ஏன் போகலாம் என்றெல்லாம் கேட்டாள். வலை பிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, விசைப்படகு இழுக்கும் இழுவைமடி வலை எப்படி அடிக்கடலை வாரிக்கொண்டு வரும் என்று கையாலேயே காட்டினார். ஃபைபர் படகில் நெத்திலி வந்திருந்தது. அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் பிள்ளைகளோடு மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போனோம். 1306-ஆம் ஆண்டுக் கோயில். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. சின்னவன் “மிச்சக் கோயில் எங்கேப்பா?” என்றான். அவர் தண்ணீரைக் காட்டினார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று, கூட்டமும் வடிந்துவிட்டது. கேரளத்திலும் நேற்று நள்ளிரவோடு தடை. ஐஸ் பெட்டியும் வராது. இந்த வாரம்தான் ரொம்பக் கஷ்டம். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். முன்பைவிடக் கூட்டிக் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பற்றவில்லை. அத்தை வண்டியைத் துடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

ஜூன் 15, சனி

நள்ளிரவு தாண்டி படகு கிளம்பிவிட்டது. டீசலும் ஐஸும் கடனுக்கு. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சங்கரா மீனும் பாறை மீனும் வந்திருக்கின்றன. அத்தை சிலேட்டைத் தண்ணீர் தொட்டு அழித்து, என்னை எழுத விடாமல் தானே எழுதினார். “சங்கரா” என்பதில் “ங்” விட்டுப்போயிருந்தது, நான் திருத்தவில்லை. முதலில் வந்தவர் வழக்கம்போல “இன்னைக்குப் புடிச்சதா?” என்றார். அத்தை ஒரு மீனைத் தூக்கி, கட்டைவிரலால் செவுளை விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினார். ரத்தச் சிவப்பு.