சாரல் காற்றுக்கு எதிரே கோட்டைவாசல் வரை

திருநெல்வேலிச் சீமையில் குளிர் என்றதும் பலரும் மார்கழியைத்தான் சொல்வார்கள். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கோ அது ஆனியிலும் ஆடியிலும் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்க, மலைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலான ஊர்களுக்கு வறண்ட காற்றே வந்து சேர்கிறது. ஆனால் ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுவதால், அந்த இடைவெளியில் நுழையும் ஈரக்காற்று செங்கோட்டையையும் குற்றாலத்தையும் தென்காசியையும் நனைத்துவிட்டு, கிழக்கே ஆலங்குளம், ஊத்துமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு போகிறது. திருநெல்வேலி நகரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் அதே காலையில் இங்கே மேகமூட்டமும் சாரலுமாக இருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஆடிமாதக் காலையில் நண்பர்கள் ஐந்து பேர் தென்காசியிலிருந்து கேரள எல்லையான கோட்டைவாசல் வரை சைக்கிளில் போய்வந்தோம்.

போவதற்கு மட்டும் இருபது கிலோமீட்டர் அளவுதான். அதிலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது புளியரைக்கு மேலேதான் இருக்கிறது. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல என்று தோன்றலாம். ஆடியில் இந்தச் சாலையின் உண்மையான மலை காற்றுதான் என்பது என் உறுதியான கருத்து. மேடு என்றால் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் ஒரு வளைவு தாண்டியதும் சற்றே தணியும், உச்சி எங்கே என்றும் ஏறக்குறைய தெரியும். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது என்பது இயற்பியல் விதி. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் மேற்கு நோக்கிப் போகிறவனுக்கு, அவன் மெதுவாக மிதித்தாலும், காற்றின் வேகமும் சேர்ந்தே அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது. சமதளச் சாலையில், கியரைக் குறைத்து, மலை ஏறுவதுபோல மூச்சு வாங்கிக்கொண்டு போவது இப்படித்தான் நேர்கிறது.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனவர்கள் அந்த இராசகோபுர வாசலில் வந்து மோதும் காற்றை மறந்திருக்க மாட்டார்கள். வேட்டியையும் சேலைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கும். அந்தக் கோபுரத்தின் முன்னே கூடி, ஆறு மணிக்கு மேல் கிளம்பினோம். எங்களில் மூத்தவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. இளையவன் கல்லூரி மாணவன், பள்ளி ஆசிரியரான என் நண்பரின் தம்பி. அண்ணாச்சியின் சைக்கிளில் கியர் கிடையாது. பால்காரர்கள் வைத்திருப்பது போன்ற கனத்த இரும்புச் சைக்கிள் அது.

ஊரைத் தாண்டி வயல்வெளி தொடங்கியதும் காற்று முழுதாகக் கிடைத்தது. தென்னைகளின் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாக, கிழக்கு நோக்கிச் சீவிவிட்டதுபோல் நின்றன. பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் பின் ஒருவராக வரிசையில் சேர்ந்தோம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தொடர்கிறவருக்கு உழைப்பில் கால்வாசிக்கும் மேலாகக் குறைகிறது. பந்தய வீரர்கள் செய்வதும் இதையேதான். ஆனால் ஒருவரே முன்னால் நின்றால் அவர் ஓய்ந்துபோவார். ஆகவே இரண்டு மூன்று மின்கம்பங்களுக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகிப் பின்னால் போய்ச் சேர, அடுத்தவர் முன்னேறினார். தம்பி அவ்வப்போது சற்றுப் பின்தங்கினான். அவன் விட்ட அந்த இரண்டு கஜ இடைவெளியில் காற்று புகுந்ததும் அவனுக்கு இன்னும் கடினமாயிற்று. "ஒட்டி வாடே தம்பி, இடம் விடாத. விட்டா காத்து உன்னைத் தனியாப் பிடிச்சிக்கிடும்" என்று அண்ணாச்சி தலையைத் திருப்பாமலே சத்தம் கொடுத்தார். கியர் இல்லாத சைக்கிளில் இருந்துகொண்டு, தம் முறை வந்தபோதெல்லாம் ஒரு கம்பம்கூடக் குறைக்காமல் அவர் முன்னால் நின்றதை நான் மிகுந்த மரியாதையுடன் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வழியில் வரும் பிரானூரை இன்றும் எல்லாரும் பிரானூர் பார்டர் என்றே சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்ததாக இருந்ததால் அன்றைய எல்லை இங்கேதான் இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பெயர் நகரவில்லை. பரோட்டாவுக்காக இங்கே வெளியூரிலிருந்து வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்ற எண்ணம் இந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வரும். செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலைக்கு அருகே சற்று நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தோம்.

புளியரை வந்ததும் காட்சி மாறுகிறது. மலை சட்டென்று பக்கத்தில் வந்துவிடுகிறது. வயல்களின் பச்சை முடியும் இடத்தில் காட்டின் கரும்பச்சை தொடங்குகிறது. அதற்கும் மேலே ஒன்றும் தெரியாதபடி மேகம் இறங்கி நிற்கிறது. தட்சிணாமூர்த்தி கோயிலுக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டி ஒரு சாயாக்கடையில் கருப்பட்டிக் காபி குடித்தோம். கண்ணாடித் தம்ளரை வாயில் வைக்கும் முன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருந்தோம். ஹேண்டில்பாரைப் பிடித்து விறைத்த விரல்களுக்கு அதுவே முதல் மருந்தாக இருந்தது. சுக்கு சற்றுத் தூக்கலாகவே போட்டிருந்தார்கள். அந்தக் காரம் தொண்டையில் இறங்கி நெஞ்சுக்குள் பரவுவதை ஒவ்வொரு மிடறிலும் உணர முடிந்தது.

அதற்கு மேல் எஸ் வளைவு. பாரம் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்கு வரிசையாக ஊர்ந்து ஏறும் இடம் இது. சைக்கிள்காரன் இங்கே தார்ச்சாலையின் ஓரத்தை விட்டு நகரக் கூடாது, லாரிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே நுழைந்து முந்தவும் கூடாது. எங்களுக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், ஏற்றம் தொடங்கிய பிறகு பயணம் எளிதாயிற்று. சாலை வளைந்து வளைந்து போவதால் காற்று ஒரு வளைவில் எதிரே இருந்தால் அடுத்த வளைவில் பக்கவாட்டில் இருந்தது. மலையின் மடிப்பு மறைத்த இடங்களில் அடியோடு நின்றும் போனது. காற்று நின்ற அந்த இடங்களில்தான் காட்டின் ஓசை காதில் விழுந்தது: இலைகளிலிருந்து சொட்டும் நீர், ஓடையின் இரைச்சல், மரங்களுக்குள் குரங்குகளின் சலசலப்பு. அண்ணாச்சி மட்டும் கடைசி ஏற்றத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்களும் இறங்கி அவருடன் நடந்தோம்.

கோட்டைவாசலில் கருப்பசாமி கோயில் இருக்கிறது. ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டே எல்லையைக் கடக்கிறார்கள். நாங்களும் விபூதி பூசிக்கொண்டோம். இந்த மலைக்குள்தான் 1904இல் திறக்கப்பட்ட கொல்லம் மீட்டர்கேஜ் பாதையும் குகை வழியாகப் போயிற்று. 2010இல் அந்த ரயில்கள் நின்று, 2018இல் அகலப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. மீட்டர்கேஜ் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து இந்தச் சாரலில் நனைந்ததைப் பற்றி அண்ணாச்சி வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆரியங்காவு வரை போகும் எண்ணம் இருந்தது. ஆனால் எல்லைக்கு அப்பால் சாரல் மழையாகவே மாறியிருந்ததால் அங்கேயே திரும்பினோம்.

குளிரை முழுமையாக அறிந்தது இறக்கத்தில்தான். ஏறும்போது உடம்பு உழைப்பதால் சூடாகவே இருக்கும். இறங்கும்போது கால்களுக்கு வேலை இல்லை, வேர்வையில் நனைந்த சட்டையோ காற்றில் உலர்ந்து உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டே போகும். ஆகையால் உச்சியிலேயே ஈரச்சட்டையை மாற்றினோம். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோன உலர்ந்த பனியனைப் போட்டு, அதற்கு மேல் நெஞ்சை மூடும்படி செய்தித்தாளை விரித்துச் செருகி, மேலே சட்டையைப் பொத்தானிட்டுக்கொண்டோம். பழைய சைக்கிள் வீரர்கள் கண்ட வழி இது. இரண்டு தாள் செய்யும் காவலைத் தடித்த சட்டைகூடச் செய்வதில்லை. பிரேக்கிலும் கவனம் வேண்டும். ரிம்மில் தண்ணீர் இருக்கும்போது ரப்பர் கட்டை முதலில் வழுக்கும். சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றி ஈரம் வழிக்கப்பட்ட பிறகே கரகரவென்ற சத்தத்தோடு பிடிக்கும். அதற்காக ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாகவே லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு, போதுமான இடைவெளி விட்டு ஒவ்வொருவராக இறங்கினோம்.

செங்கோட்டைக்குத் திரும்பும் வழியில் காற்று எங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. மிதிக்காமலே வண்டி ஓடியது. காலையில் மறந்த பேச்சையெல்லாம் அப்போதுதான் பேசினோம். நேரம் இருந்ததால் கண்ணுப்புளிமெட்டுப் பக்கம் திரும்பிக் குண்டாறு அணையையும் பார்த்துவந்தோம். 36 அடி உயரமே உள்ள சிறிய அணை, ஆதலால் சாரல் பிடித்ததும் முதலில் நிரம்பி வழிவது பெரும்பாலும் இதுதான். பிறகு பிரானூரில் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்பும். நான் சாப்பிட்ட அளவை இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்ததாகப் பண்பொழி வழியே மேக்கரைக்குப் போகலாம் என்று பேசியிருக்கிறோம். அந்தச் சாலை மலையடிவாரத்தை ஒட்டி வடமேற்காகப் போவதால் காற்று நேர் எதிரில் இல்லாமல் பக்கவாட்டில் அடிக்கும். அதில் ஒருவர் பின் ஒருவராகப் போனால் பயன் குறைவு, சற்றே சாய்வாக விலகித் தொடர வேண்டும். அங்கிருந்து அச்சன்கோவிலுக்கு ஏறும் காட்டுவழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருப்பதால், முதலில் விசாரித்துவிட்டு நாள் குறிப்பதாக ஆசிரியர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆவணி பிறந்தும் காற்று கொஞ்ச நாள் நிற்கும், அதற்குள் போய்விட வேண்டும்.