திரியாத காச்சோ எ பெப்பே: கார்ன்ஃப்ளார் கூழ் முறை

நாலு பேருக்கு ஒரே வாணலியில், சீஸ் திரியாமல், கடைசித் தட்டு வரை வழவழப்புக் குறையாமல் காச்சோ எ பெப்பே, அதாவது ரோம் நகரத்துச் சீஸ்-மிளகுப் பாஸ்தா, வருகிறது. வெண்ணெய் இல்லை, க்ரீம் இல்லை. இரண்டு பேருக்குச் செய்யும்போது சரியாக வந்து, வீட்டுக்கே செய்யும்போது கட்டி கட்டியாகத் திரண்டு கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை ஒழிந்தது. பாஸ்தா வேகவைப்பது, சீஸ் துருவுவது எல்லாம் தெரிந்ததுதான். சாஸை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ரோம் நகரத்துப் பழைய முறையில் மூன்றே பொருள்: பாஸ்தா, பெகோரினோ ரோமானோ என்ற செம்மறிப் பால் சீஸ், மிளகு. பாஸ்தா வெந்த தண்ணீரில் இருக்கும் ஸ்டார்ச்சை நம்பித்தான் சாஸே நிற்கிறது. அந்த ஸ்டார்ச் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். உணவகத்தில் ஒரே தண்ணீரில் நாள் முழுக்க பாஸ்தா வேகும். அது கஞ்சி மாதிரியே இருக்கும். வீட்டில் மூன்று லிட்டரில் ஒரு பாக்கெட் போட்டு எடுத்தால் வருவது வெறும் கலங்கல் தண்ணீர். அதை எத்தனை கரண்டி ஊற்றினாலும் சீஸில் தண்ணீர்தான் ஏறும், ஸ்டார்ச் ஏறாது.

இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே ஆய்வுக்கு எடுத்து 2025-இல் ‘ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. பரிசு சிரிப்புக்கு, கணக்கு சிரிப்புக்கில்லை. சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஸ்டார்ச் வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே போனால், சூடு 65 டிகிரியை நெருங்கும்போதே புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மொசரெல்லா போல இழுபடும் கட்டியாகிவிடும், தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால் திரியாது. ஆனால் தட்டில் ஆறியதும் களியாக இறுகிவிடும்.

320 கிராம் பாஸ்தாவுக்கு, அதாவது தலைக்கு 80 கிராம், என் அளவு இது: சீஸ் 200 கிராம், கார்ன்ஃப்ளார் 5 கிராம், தண்ணீர் முதலில் 50 கிராம், பிறகு 100 கிராம். 5 கிராமை ஒரு கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசில் அளப்பது வீண். 4 என்று காட்டும்போது உண்மையில் மூன்றரையாக இருக்கலாம். நகை எடை போடும் குட்டித் தராசு வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட், அகர் அகர் எல்லாவற்றுக்கும் உதவும். அது இல்லையென்றால் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன்.

இனி கூழ். 50 கிராம் பச்சைத் தண்ணீரில் கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாமல் கரைத்து, சின்னப் பாத்திரத்தில், அடுப்பைச் சிறு தீயில் வைத்துக் கிளற வேண்டும். முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அப்புறம் ஓரத்தில் கெட்டிப்படும். இங்கேதான் பலரும் இறக்கிவிடுகிறார்கள். இறக்கக் கூடாது. வெள்ளை போய்க் கண்ணாடி போல மங்கலாகத் தெளிந்து, நடுவில் ஒன்றிரண்டு குமிழ் ‘பொளக்’ என்று வெடிக்கும் வரை கிளற வேண்டும். அதற்கு முன் எடுத்தால் ஸ்டார்ச் மணிகள் முழுதாக வீங்கி உடையாமல் கிடக்கும். மிக்ஸியில் அடித்தாலும் அடியில் போய்ப் படியும், புரதத்துக்கு நடுவே போய் உட்காராது.

இன்னொரு நுட்பம்: 50 கிராம் தண்ணீர் என்பது மிகக் கொஞ்சம். கிளறுகிற நேரத்தில் பத்து கிராம் ஆவியாகவே போய்விடும். பாத்திரத்தை வெறுமனே எடை போட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, கூழ் ஆனதும் 100 கிராம் தண்ணீர் சேர்த்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். பாத்திரம் போக 155 கிராம் இருக்க வேண்டும். குறைவதைத் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். ஒரு நாள் தண்ணியாகவும் இன்னொரு நாள் பசையாகவும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சீஸ் அல்ல, இந்தப் பத்து கிராம்தான்.

கார்ன்ஃப்ளாருக்குப் பதில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் தெளியும், இழுவை கொஞ்சம் கூடுதல். கூவைக்கிழங்கு மாவிலும் செய்யலாம். அரிசி மாவு வேண்டாம். அது சுத்தமான ஸ்டார்ச் இல்லை, நாக்கில் மாவு நெருடும். டிரைசோடியம் சிட்ரேட் என்ற உப்பைப் போட்டாலும் சாஸ் திரியாது. பளபளப்பாகவே வரும், ஆனால் பெகோரினோவின் சுருக்கென்ற ருசி மழுங்கி, ஸ்லைஸ் சீஸ் ஞாபகம் வருகிறது. ஸ்லைஸ் சீஸ் உருகித் திரியாமல் இருப்பதும் இந்த வகை உப்புகளால்தான்.

கொதிக்கும் கூழில் 100 கிராம் தண்ணீர் விட்ட பிறகும் கலவை 50 டிகிரியை ஒட்டி இருக்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வரும் வரை பொறுத்திருந்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் ஊற்றி, பொடியாகத் துருவிய சீஸை மூன்று தவணையாகப் போட்டு அடிக்க வேண்டும். சீஸ் ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே வெளியே இருக்கட்டும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். நம் மிக்ஸிகள் இட்லி மாவுக்கும் தேங்காய்க்கும் செய்தவை. பிளேடின் வேகமே கலவையைச் சூடேற்றிவிடும். விப்பர் பக்கம் திருப்பி ஐந்து விநாடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஐந்து விநாடி. ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். முடிவில் கரண்டியிலிருந்து கெட்டியாக, விட்டுவிட்டு விழும் பசை வர வேண்டும். துருவல் நெருடினால் இன்னும் ஒரு சுற்று. இந்தப் பசையை மறுநாள் வரை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் முந்தின இரவே அரைத்து வைத்துவிட்டால், மாலையில் பாஸ்தா வேகும் நேரம்தான் சமையல் நேரம்.

கார்ன்ஃப்ளார் போட்டால் அது காச்சோ எ பெப்பேயே இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாஸ்தாத் தண்ணீரில் இருப்பதும் ஸ்டார்ச்தானே. அளக்காமல் ஊற்றினால் மரபு, அளந்து போட்டால் ஏமாற்றா?

அடுப்பில் சேர்க்கும் கட்டம். பாஸ்தாத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு போதும். பெகோரினோவே உப்புக் கடல். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, மிளகு போட்ட வாணலியில் ஒன்றரைக் கரண்டி பாஸ்தாத் தண்ணீரோடு புரட்டி, மீதி வேக்காட்டை அங்கே முடிக்க வேண்டும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா புரட்டுங்கள். அதன் பிறகுதான் சீஸ் பசை. பசை சேர்ந்ததும் மொத்தச் சூடு 60-65 டிகிரிக்கு இறங்கும், அது சாப்பிடுவதற்குக் கொஞ்சம் ஆறின மாதிரிதான். பழைய முறையில் அதோடு நிறுத்தியாக வேண்டும். கூழ் முறையில் மறுபடி அடுப்பை மூட்டி 75 வரை தைரியமாகக் கொண்டுபோகலாம்; 80-ஐத் தொட்டாலும் திரிவதில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கு இதுதான் பெரிய லாபம். ஒருவர் குளிக்கப் போயிருப்பார், ஒருவர் போனில் இருப்பார். தாமதமாக வந்த தட்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி வெந்நீர் விட்டு வாணலியில் புரட்டினால் சாஸ் மறுபடி இளகிக் கொடுக்கிறது.

கேஸ் அடுப்பின் சின்ன பர்னரும்கூட மெல்லிய அலுமினிய வாணலிக்கு அதிகம். நடுவில் மட்டும் 90-ஐத் தாண்டி அங்கேயே பிடித்துக்கொள்ளும். தோசைக்கல்லை அடுப்பில் போட்டு அதன்மேல் வாணலியை வைத்தால் சூடு பரவலாக ஏறும். இரும்பு வாணலி வேண்டாம், அடுப்பை அணைத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போகும். தெர்மாமீட்டரில் குத்திப் பார்க்கும் வகைதான் உதவும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வகை மேற்பரப்பை மட்டும் படிக்கும்; பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் அது காட்டுகிற எண் சுத்தப் பொய்.

மிளகு விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. முசிறிக்குக் கப்பல் விட்டுப் பொன் கொடுத்து ரோமானியர்கள் வாங்கிப் போன சரக்கு, நமக்கு மலையடிவாரச் சந்தையில் கிடைக்கிறது. கொல்லிமலை மிளகு, குடகு மிளகு இரண்டும் நன்றாக இருக்கின்றன. தலச்சேரி ரகம் என்று விற்பது பெரிய மணிகளைத் தனியே சலித்து எடுத்தது. மணம் பிரமாதம், ஆனால் இதற்கு அது கட்டாயமில்லை. 320 கிராம் பாஸ்தாவுக்கு இரண்டு டீஸ்பூன் முழு மிளகு. வெறும் வாணலியில் சிறு தீயில் மணம் வரும் வரை வறுத்து, சின்ன உரலில் ஒன்றிரண்டாக இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, அடியில் விழும் தூளை ரசத்துக்கு வைத்துவிடுங்கள். அந்தத் தூள் சேர்ந்தால் சாஸ் சாம்பல் நிறமாகும், காரம் தொண்டையில் நிற்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாதி மிளகை வாணலியில், மீதியைப் பெரியவர்கள் தட்டின் மேலே.

சீஸ் வாங்கும்போது பெகோரினோ ரோமானோ என்ற பெயரோடு டி.ஓ.பி. (பிறப்பிடப் பாதுகாப்பு) முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ரோம் இருந்தாலும் பெரும்பகுதி சார்டீனியா தீவில் தயாராகிறது. ஆட்டுப்பால், அதாவது செம்மறி. குறைந்தது ஐந்து மாதம், துருவுவதற்கென்றால் எட்டு மாதம் பதப்படுத்தியது. தூளாகவே டப்பாவில் வருவதை வாங்காதீர்கள். ஒட்டாமல் இருக்கச் சேர்த்த செல்லுலோஸ் சாஸில் மண் மாதிரி நெருடும். கேட்டால் கேட்ட சீஸை விட்டு வேறெதையோ கத்தியில் வெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றி, பெயர் எழுதாமல் தரும் கடைகளும் இருக்கின்றன. முத்திரையோடு இருக்கும் தோலைக் காட்டச் சொல்லுங்கள்.

சைவ வீடுகளுக்கு ஒரு முக்கியக் குறிப்பு: பாலைத் திரிய வைக்க, அசல் பெகோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட், பார்மிஜானோவில் (அசல் பார்மசான்) கன்று ரென்னட். இரண்டும் ஆகாது. நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த, பச்சைப் புள்ளி போட்ட பார்மசான் வகைச் சீஸ்கள் நம் நாட்டிலேயே தயாராகின்றன. உப்பு குறைவு என்பதால் பாஸ்தாத் தண்ணீரில் லிட்டருக்கு 8 கிராம் போடலாம். கூழின் அளவு அதேதான். ஈரம் அதிகமுள்ள இளம் சீஸாக இருந்தால் இரண்டாவது தண்ணீரை 100-லிருந்து 80 கிராமாகக் குறையுங்கள்.

காய்ந்த பாஸ்தாவில் டூரம் கோதுமை ரவை என்று போட்டிருப்பது மட்டும். மைதா கலந்த மலிவுச் சரக்கு சாஸில் புரட்டும்போதே உடைகிறது. வெண்கல அச்சில் பிழிந்தது வெளியே மாவு பூத்தாற்போலச் சொரசொரப்பாக இருக்கும். சாஸ் அதில்தான் பிடிக்கும்.

சாஸ் கைக்கு வந்துவிட்டதால் அடுத்து தொன்னரெல்லி, ரோமில் இதற்குப் போடும், வெட்டுமுகம் சதுரமான நீள முட்டைப் பாஸ்தா. இந்த முயற்சி இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்கிற இத்தாலியக் கணக்கு நம் முட்டைக்கு ஒத்துவராது. ஓடு போக 45 கிராம்தான் தேறுகிறது. 300 கிராம் மாவுக்கு 165 கிராம் முட்டை என்று எடைபோட்டு, குறைவதை மஞ்சள் கருவால் நிரப்ப வேண்டும். மாவுக்கு பன்சி ரவை, டூரம் வகைதான். மிக்ஸியில் மறுபடி அரைத்து மல் துணியில் சலித்தால் நிறமும் மணமும் அருமை, ஆனால் திரட்டும்போது ஓரம் வெடிக்கிறது. துகள் பெரிதாக இருப்பதால் ஈரம் உள்ளே இறங்க நேரமாகிறது. அரை மணி நேரம் மூடி வைப்பதை ஒரு மணி நேரமாக்கியதில் பாதி சரியாகிவிட்டது. மீதிக்கு மூன்றில் ஒரு பங்கு மைதா கலந்துகொண்டிருக்கிறேன். 2 மில்லிமீட்டர் தடிமனில் திரட்டி அதே அகலத்தில் வெட்டினால் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும். ஒட்டாமல் இருக்க மேலே ரவை தூவுங்கள், மைதா தூவினால் தண்ணீர் கொழகொழத்துவிடும்.

இதற்கு நடுவே மனசு வட இத்தாலியின் வெனெட்டோ பக்கத்து பிகோலி என்ற தடித்த நீளப் பாஸ்தாவுக்குப் போய்விட்டது. அங்கே மாவை உருளையில் போட்டுத் திருகிப் பிழிகிறார்கள். நம்மிடம் திருகு வைத்த பித்தளை முறுக்கு உரல் இருக்கவே இருக்கிறது. அலுமினிய உரல் இவ்வளவு கெட்டி மாவுக்குத் தாங்காது, கைப்பிடி வளைந்துவிடும். தடங்கல் தட்டுதான். இடியாப்பத் தட்டின் துளை மிகச் சிறிது, தேங்குழல் துளை மிகப் பெரிது. இரண்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் வேண்டும். வெறும் தட்டாக வாங்கி, பித்தளைப் பட்டறையில் ஏழெட்டுத் துளை போட்டுத் தரச் சொல்ல வேண்டும். துளையின் உள்பக்கத்தை மெருகு போடாமல் விடச் சொல்லுவேன். அந்தச் சொரசொரப்பு பாஸ்தாவில் இறங்கட்டும்.