என்.ஐ.சி.யு.வில் எங்கள் அன்றாடம்

எங்கள் இரண்டாவது குழந்தை 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,300 கிராம். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தாலே குறைமாதம்தான், 32-க்கும் முன்னால் என்றால் நுரையீரல், மூளை, குடல், கண் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பிறந்த கதையை விட்டுவிடுகிறேன். அதற்கப்புறம் வீடும் என்.ஐ.சி.யு.வுமாக (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) நாளை எப்படி ஓட்டினோம் என்பதை எழுதுகிறேன். அந்த நாட்களில் நான் தேடியது அதைத்தான். கிடைத்ததெல்லாம் நோய்களின் பெயர்கள்.

உள்ளே நுழைய ஒரு சடங்கு உண்டு. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, போனையும் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தும்மல் இருந்தால் அன்றைக்கு வெளியேதான். மூத்தவளுக்குச் சளி பிடித்த வாரம், வீட்டில் யார் எந்த அறையில் படுப்பது என்பதே பெரிய பஞ்சாயத்தாக ஓடியது.

முதல் சில நாள் நான் பார்த்தது குழந்தையை அல்ல, திரையைத்தான். இதயத்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு. எது இறங்கினாலும் அலாரம். பாதி நேரம் பாதத்தில் சுற்றியிருக்கும் சென்சார் நழுவியிருக்கும், அல்லது அவன் காலை உதைத்திருப்பான். மீதி நேரம் நிஜமாகவே மூச்சு விட மறந்திருப்பான். மூச்சைத் தூண்டும் மூளைப் பகுதி இன்னும் முதிராததால் வரும் இந்த நிறுத்தம் 20 வினாடியைத் தாண்டினால் அதை அப்னியா என்கிறார்கள். சிஸ்டர் வந்து உள்ளங்காலை லேசாகத் தேய்ப்பார், மூச்சு திரும்பிவிடும். இதற்காகவே தினமும் காஃபீன் கொடுத்தார்கள். காபியில் இருக்கும் அதே காஃபீன்தான், மருந்தாக அளந்து. “அலாரம் அடிச்சா முதல்ல அவன் நிறத்தைப் பாருங்க சார், அப்புறம் திரையைப் பாருங்க” என்று சிஸ்டர் ஒருவர் சொன்னது எனக்கு மருந்து மாதிரி வேலை செய்தது.

மனைவியின் நாள் முழுக்கப் பால் பம்ப்பைச் சுற்றித்தான். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும், நடுராத்திரியும் சேர்த்து. ஆரம்பத்தில் வந்தது சொட்டுகள்தான். அதையும் வீணாக்காமல் சிரிஞ்சில் எடுத்து அவன் கன்னத்தின் உள்பக்கம் தடவினார்கள். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற ஒருங்கிணைப்பு 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும் என்பதால் அதுவரை வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்தான் பால். பம்ப் பாகங்களைக் கழுவிக் கொதிக்க வைப்பது, பாட்டிலில் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுவது, ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் என் வேலை. கையில் ஒரு வேலை இருந்ததால்தான் நான் நிலைகுலையாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன். அப்பாக்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்கு என்று ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வருடிக் கொடுக்கக் கூடாது, அவ்வளவு மெல்லிய தோலுக்கு அது தொந்தரவு. ஒரு கை தலையில், ஒரு கை பாதத்தில், அசைக்காமல் அணைத்தாற்போல் வைக்க வேண்டும். அப்புறம் கங்காரு முறை. குழந்தையை வெறும் மார்பில் சாய்த்து மேலே துணி போர்த்திக்கொள்வது. சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியை விட்டு எடுத்தால் குளிருமே என்று மாமியார் பதறினார். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை இது, இன்று உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது என்று டாக்டர் விளக்கிய பிறகும் அவருக்கு அரை மனதுதான். அவன் மனைவியின் மார்பில் படுத்திருந்தபோது ஆக்சிஜன் எண் ஆடாமல் நின்றதைக் காட்டினோம். அதற்கப்புறம் “இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கோம்மா” என்று அவரே போனில் சொல்ல ஆரம்பித்தார்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: “இன்னிக்கு எவ்வளவு எடை?” எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காமல் போயிற்று. முதல் வாரத்தில் எடை குறையத்தான் செய்யும். பிறந்த எடையைத் திரும்பப் பிடிக்கவே இரண்டு வாரம் போல ஆகும். இதை எத்தனை பேருக்கு விளக்குவது? அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டாள். நாங்கள் மாலையில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்புவோம், மற்றவர்களுக்கு அவள் பதில் சொல்வாள். எங்கள் போன் அமைதியானது.

ஐந்து வயது மூத்தவளை உள்ளே விடவில்லை. தினமும் வீடியோ காட்டுவேன். ஒரு நாள், “தம்பிக்குக் குரலே இல்லையாப்பா?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் எல்லா வீடியோவிலும் கேட்டது மெஷின் சத்தம் மட்டும்தான். மூச்சுக்கு வைத்திருந்த சி-பேப் குழாயை எடுத்த பிறகு, டயப்பர் மாற்றும்போது அவன் வீறிட்டதைப் பதிவு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, “ரொம்பக் கத்துறான்” என்று புகார் சொன்னாள்.

காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் எங்களில் ஒருவர் கட்டாயம் அங்கே இருப்போம், கையில் கேள்விகள் எழுதிய நோட்டோடு. மற்றவர் வீட்டில் தூங்குவார். இருவரும் எந்நேரமும் பெட்டி பக்கத்தில் நின்றால்தான் பாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மூச்சு நிற்காமல் சில நாள், முழுப் பாலும் வாயால், பெட்டிக்கு வெளியே உடல் சூடு நிலையாக. இந்த மூன்றும் அமைந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். விழித்திரைப் பரிசோதனையும் காது கேட்கும் பரிசோதனையும் அதற்கப்புறமும் தொடர்ந்தன. இப்போது யாராவது இவனுக்கு எத்தனை மாதம் என்று கேட்டால் எங்களிடம் இரண்டு விடை. தடுப்பூசிக்குப் பிறந்த தேதி. குப்புற விழுந்தானா, உட்கார்ந்தானா என்பதற்கு, அவன் பத்து வாரம் முன்னாலேயே வந்துவிட்டதால், அந்த வயதில் பத்து வாரத்தைக் குறைத்த திருத்திய வயது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு யாராவது ஆரம்பித்தால் மாமியாரே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறார்.