நடுவர் குழுவில் இல்லாத முகங்கள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கிராமப்புறப் பண்ணை ஒன்றில் 2016 ஆகஸ்டில் 22 வயதான கிரீ பழங்குடி இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், பண்ணை உரிமையாளரை 2018 பிப்ரவரியில் விடுவித்த நடுவர் குழுவில் (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஜூரி), பார்த்த அளவில் பழங்குடியினர் என்று அறியக்கூடிய ஒருவர்கூட இல்லை என்பதே என்னை இன்றும் உறுத்துகிறது. காரணம் கூறாமலேயே நடுவர்களை நிராகரிக்கும் உரிமை அன்று இரு தரப்புக்கும் இருந்தது. பழங்குடியினராகத் தோன்றியவர்களை அதைக் கொண்டே பிரதிவாதித் தரப்பு விலக்கியது. அவ்வுரிமை 2019இல் நீக்கப்பட்டது, தாமதமாகத்தான். ஆனால் நடுவர் தேர்வுக்காகப் பழங்குடியினர் தொலைதூரக் குடியிருப்புகளிலிருந்து நீதிமன்றம் வருவதற்கான நெடும்பயணத்தை அத்திருத்தம் குறைத்துவிடவில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காடான பழங்குடியினர், கூட்டாட்சிச் சிறைகளின் கைதிகளில் 2020இலேயே 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டனர். தண்டனை விதிக்கையில் அவர்களது பின்னணியைக் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கிளாடூ வழக்கில் வலியுறுத்திய பிறகும்.