கென்யா இல்லையென்றாலும் ஆப்பிரிக்கா உண்டு

என் மகனுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்று சொன்னார்கள். அந்த வருஷம் பாதி நாள் சென்னையில் வார்டிலேயே கழிந்தது. மருந்து தொங்கும் ஐவி ஸ்டாண்டுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பேர் வைத்திருந்தான். பாத்ரூமுக்கு அதை உருட்டிக்கொண்டு போகும்போது, "ஒட்டகச்சிவிங்கி வருது, வழி விடுங்க" என்பான். நிஜ ஒட்டகச்சிவிங்கியை ஆப்பிரிக்கக் காட்டில் பார்க்கணும் என்று ஒரே பிடிவாதம். "கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறட்டும், போகலாம்" என்றேன். அவன் அதை மறக்கவே இல்லை.

ஒன்பது வயதில் மெயின்டெனன்ஸுக்கு, அதாவது நோய் திரும்பாமலிருக்க வீட்டிலிருந்தே கீமோ மாத்திரை சாப்பிடும் கட்டத்துக்கு வந்தான். தினமும் இரவு மெர்காப்டோப்யூரின், ஞாயிற்றுக்கிழமை மெதோட்ரெக்ஸேட். பள்ளிக்கும் போக ஆரம்பித்தான். ஒரு டிராவல்ஸில் கென்யாவுக்கு முன்பணம் கட்டினோம். பையனின் நோயைச் சொல்லியிருந்தும், கென்யா போய்வரத் தேவைப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. பின்னால் முன்பணத்தையும் திருப்பித் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

சென்னையில் அந்த ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அங்கே போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டது நல்லதாகப் போயிற்று. அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. கீமோ மருந்து சாப்பிடும் குழந்தைக்குப் போடவே கூடாது என்றார். ஊசி போட முடியாதவர்களுக்கு விலக்குச் சான்று தருவார்கள்தான். ஆனால் சான்று நோயைத் தடுக்காதே. தவிர, தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

அன்று இரவு முழுக்க அழுதேன். மறுநாள் போய், "அந்த ஊசி தேவைப்படாத காடு ஆப்பிரிக்காவில் இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "சவுத் ஆப்பிரிக்கா பாருங்க. ஆனா மலேரியா இல்லாத இடமா இருக்கணும்" என்றார். முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம்.

எல்லோரும் சொல்லும் க்ரூகர் தேசியப் பூங்காவில் மலேரியா உண்டு. தேடித் தேடிப் பிலானஸ்பர்க்கைப் பிடித்தோம். ஒரு பழைய எரிமலையின் வட்டத்துக்குள் இருக்கும் காடு. மலேரியா கிடையாது; சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். விமானத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, கென்யாவின் நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் கேள்வி திரும்பவும் வரும். அதனால் துபாய் வழியாக எடுத்தோம்.

விசாவுக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா இருவர் பேரும் இருக்க வேண்டும். எங்களுடையதில் என் பேரில் ஓர் எழுத்து தப்பு. திருத்தவே மூன்று வாரம். இன்சூரன்ஸில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோய், மருந்து, கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிய டாக்டர் கடிதம் மூன்று நகல், மருந்தெல்லாம் கைப்பையில். காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி என்பது வீட்டில் இருக்கும் அதே விதிதான். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம் என்று புறப்படும் முன்பே குறித்துக்கொண்டேன். கிளம்ப நான்கு நாள் முன்பு எடுத்த கவுன்ட் நன்றாக இருந்தது. இல்லையென்றால் டிக்கெட்டை விட்டுவிடுவது என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

மே மாதம் அங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம், புல் காய்ந்து விலங்குகள் நன்றாகத் தெரியும். வெட்டி வைத்த பழம், சாலட் எதையும் தொடவிடவில்லை. எதிரிலேயே சூடாகச் செய்த முட்டையும் உருளைக்கிழங்கும்தான். நம்மூர் இரவு ஒன்பது அங்கே மாலை ஐந்தரை. அந்தக் கணக்குப்படி ஜீப்பிலேயே மாத்திரையைக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் காலை. கம்பளிக்குள் சுருண்டிருந்தவன் சட்டென்று என் கையைப் பிடித்தான். தண்ணீர் ஓரம் ஒரு ஒட்டகச்சிவிங்கி. முன்னங்கால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி, அகட்டி, அப்புறம்தான் தலையைத் தாழ்த்தியது. முகத்தில் இருந்த மாஸ்க் ஈரமாகும் அளவுக்கு மூச்சு விட்டுக்கொண்டு பார்த்தான்.

"அம்மா, நம்ம ஸ்டாண்டுக்குக் குனியத் தெரியாதுல்ல" என்றான், கிசுகிசுப்பாக.