அண்ணனுக்கு குடல் கேன்சர், அப்புறம் எங்க எல்லாருக்கும் ஜீன் டெஸ்ட்

அண்ணனுக்கு 39 வயசுல பெருங்குடல்ல கேன்சர்னு ஆபரேஷன் பண்ணாங்க. அம்மாவுக்கு 48ல கர்ப்பப்பைல வந்துச்சு, அம்மா கூடப்பொறந்த மாமா 44 வயசுல குடல் கேன்சர்லயே போய்ட்டாரு, தாத்தாவும் வயித்துல கட்டின்னு சொல்லித்தான் போனாராம். எங்க பக்கம் இத குலதெய்வ குத்தம்னு சொல்லி பரிகாரமெல்லாம் பண்ணியாச்சு. அப்புறம் ஜெனெடிக் கவுன்சிலிங், அதாவது பரம்பரை நோய் பத்தி ஆலோசனை சொல்ற எடத்துக்கு போனோம், அங்க இருந்த மேடம் ஒரு பேப்பர எடுத்து எங்க வம்சாவளிய வரைஞ்சாங்க, ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம், கேன்சர் வந்தவங்களுக்கு உள்ள கருப்பா அடிச்சு, செத்தவங்க மேல குறுக்க ஒரு கோடு. தாத்தாலேர்ந்து அண்ணன் வரைக்கும் கருப்பு வரிசையா எறங்கி வருது, அத பாத்ததும் அம்மா ஒண்ணுமே பேசல.

எங்க குடும்பத்துல வர்ற இந்த பரம்பரை கோளாறுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம்னு பேரு. செல் பெருகறப்ப டிஎன்ஏவ காப்பி எடுக்கைல வர்ற தப்பையெல்லாம் சரி பண்ற ஜீன் நாலு இருக்கு, எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2, அதுல ஒண்ணு பொறக்கும்போதே கெட்டுப்போயிருந்தா சின்ன வயசுலயே குடல், கர்ப்பப்பை, ஓவரி இங்கெல்லாம் கேன்சர் வர வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி.

டெஸ்ட்ட நோய் வந்தவங்ககிட்டேர்ந்துதான் ஆரம்பிக்கணும், இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதறேன். நான் முதல்ல போய் ரத்தம் குடுத்து ஒண்ணும் இல்லன்னு வந்திருந்தா அதுக்கு அர்த்தமே கிடையாது, குடும்பத்துல எந்த ஜீன்ல கோளாறுன்னே தெரியாதே. ஆபரேஷன் பண்ண எடத்துல அண்ணனோட கட்டிய மெழுகுல பதிச்சு பிளாக்கா வெச்சிருப்பாங்க, அதுல ஐஹெச்சின்னு, இந்த ஜீனெல்லாம் உண்டாக்கற புரோட்டீன் கட்டில இருக்கா இல்லையான்னு பாக்கற டெஸ்ட் பண்ணப்போ எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ரெண்டு புரோட்டீனும் இல்லன்னு வந்துச்சு. அப்புறம் அண்ணனுக்கு ரத்தம் எடுத்து, பல ஜீன ஒரே தடவைல பாக்கற பேனல் டெஸ்ட், எம்எஸ்எச்2ல கோளாறுன்னு உறுதியாச்சு. ரிப்போர்ட் வர சில வாரம் ஆகும். அதுக்கப்புறம் எங்களுக்கெல்லாம் அந்த ஒரே எடத்த மட்டும் பாத்தா போதும், செலவும் பேனல விட கம்மி.

அம்மாவுக்கு இருக்குன்னு வந்தது யாருக்கும் ஆச்சரியமில்ல. பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்கு பாதி சான்ஸ். எனக்கு இருக்கு, தங்கச்சிக்கு இல்ல. அவளுக்கு இல்லன்னா அவ பிள்ளைங்களுக்கும் எங்க வழில வராது, தலைமுறை தாண்டி ஒளிஞ்சு வர்ற விஷயம் இல்ல இது. அவ சந்தோஷப்படாம எனக்காக அழுதா, பாவம்.

அந்த மேடம் இன்னொண்ணும் கேட்டாங்க, சொந்தத்துல கல்யாணம் பண்ணுவீங்களான்னு. எங்க வீட்ல மாமா பொண்ண எனக்கு கேக்கலாம்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. அவளுக்கும் இதே கோளாறு இருந்தா பொறக்கற குழந்தைக்கு ரெண்டு பக்கமும் கெட்ட ஜீன் வர நாலுல ஒரு சான்ஸ், அப்படி வந்தா மூளை, ரத்தம், குடல்னு குழந்தைப் பருவத்துலயே கேன்சர் வரலாமாம். மாமன் மச்சான் உறவுல கட்டிக்கற நம்ம ஊர்ல இத யாராவது பேசிருக்காங்களா? எனக்கு இத நெனச்சாதான் இன்னும் வயித்த கலக்குது.

ரிசல்ட் வந்ததும் எனக்கு கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா குழாய விட்டு பெருங்குடல பாக்கற டெஸ்ட். அதுக்கு முன்னாடி குடல சுத்தம் பண்ற பவுடர தண்ணில கலக்கி லிட்டர் கணக்குல குடிச்சு ராத்திரி பூரா பாத்ரூம்லயே கெடந்தேன், அதான் கஷ்டம், டெஸ்ட் அன்னிக்கு மயக்க ஊசி போட்டதால ஒண்ணும் தெரியல. வலது பக்க குடல்ல சின்னதா ஒரு பாலிப், அதாவது உள்சுவர்ல வளர்ற சதை, இருந்துச்சு, அப்பவே எடுத்துட்டாங்க, கேன்சரா மாறல. மத்தவங்களுக்கு பாலிப் கேன்சரா மாற பத்து வருஷம் கூட ஆகும், லிஞ்ச்ல ரெண்டு மூணு வருஷத்துலயே மாறிடலாமாம், அதனால வருஷா வருஷம் பாக்க சொல்லிருக்காங்க. ஆஸ்பிரின் டெய்லி எடுத்தா குடல் கேன்சர் ரிஸ்க் குறையுதுன்னு காப்2னு ஒரு ஆராய்ச்சில வந்திருக்கு, ஆனா அல்சர், ரத்தக்கசிவெல்லாம் பாத்து டாக்டர்தான் முடிவு பண்ணணும், கடைல வாங்கி நீங்களா போட்டுக்காதீங்க.

சொந்தக்காரங்களுக்கு சொல்றதுதான் இழுத்துச்சு. பொண்ணுக்கு வரன் பாக்கற நேரத்துல ஏன்டா இதெல்லாம்னு அத்தை கோவமா போன வெச்சிட்டாங்க, அவங்க பயமும் புரியுது. ஆனா மாமா பொண்ணுக்கு 26 வயசு ஆகுது, இந்த குடும்பத்துல கொலோனோஸ்கோபி 20, 25 வயசுலயே ஆரம்பிக்கணும்னு சொன்னாங்க, அதனால அண்ணன் ரிப்போர்ட்ட அவளுக்கே நேரா வாட்ஸப்ல அனுப்பி, எம்எஸ்எச்2ல எந்த எடம்னு இருக்கற பக்கத்துல வட்டம் போட்டு, லேப்ல இத காட்டுன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் ரத்தம் குடுக்க போறா, கூட நானும் போறேன்.