பச்சைக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபத்தை அரைநாள் வாடகைக்கு எடுத்து, மாதிரி ரயில் செய்கிறவர்களும் வாங்கிச் சேர்க்கிறவர்களுமாக நாங்கள் சிலர் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறோம். ஒரு பெட்டியின் மேல் இருக்கும் வண்ணம், கோடு, எழுத்து, எண், சின்னம் எல்லாவற்றையும் சேர்த்து லிவரி என்கிறோம். அந்த லிவரி அசலோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்து மதிப்பெண் போடும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. செந்தூலில் கார்ப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெயிண்ட் கலந்தவன் என்பதால், வண்ணம் பார்க்கத் தெரிந்தவர் என்று என்னிடம் கொடுத்தார்கள். கடந்த கூடலில் நான் ஒரு பெட்டிக்குத் தவறான மதிப்பெண் போட்டுவிட்டேன். அன்று முதல் லிவரியை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த யோசனையை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பெட்டி ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் ரயிலுடையது. 1993இல் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் இடையே ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் பெட்டிகள், முதலில் நியூசிலாந்தில் சில்வர் ஸ்டார் என்ற பெயரில் ஓடியவை, ஜப்பானில் கட்டப்பட்டவை. நியூசிலாந்துப் பாதையின் அகலம் 1,067 மி.மீ., மலேசியாவில் 1,000 மி.மீ. என்பதால் சக்கரங்களின் இடைவெளியைக் குறைத்து, பச்சையும் கிரீமும் பூசி இங்கே கொண்டுவந்தார்கள். பினாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பட்டர்வொர்த் நிலையத்தில் அந்த ரயில் நிற்குமா என்று எட்டிப் பார்ப்பது என் வழக்கம். நின்றிருந்த நாட்களில் படகுத் துறைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை நடந்து பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தப் பச்சை எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

எங்கள் கூடலுக்கு வரும் ஓர் இளைஞர் அந்தப் பெட்டியை 1:87 அளவில், அதாவது அசலின் 87இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒட்டித் தாமே செய்திருந்தார். மீட்டர் பாதையை அந்த அளவுக்குச் சுருக்கினால் சுமார் 11.5 மி.மீ. வரும், அதற்குக் கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளத்தில் பெட்டியை நிறுத்தியிருந்தார். மண்டபத்தின் எல்.இ.டி. குழல் விளக்குக்குக் கீழே பார்த்தபோது பச்சையில் நீலம் தூக்கலாகத் தெரிந்தது. வண்ணச் சாயலுக்கு இருபதில் எட்டு போட்டேன். பரிசெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு அவர் என்னிடம் வந்து, "அங்கிள், ஒரு நிமிடம் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார். வாசலில் பிற்பகல் நான்கு மணி வெளிச்சம் இருந்தது. பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பியதும் நீலம் போய்விட்டது. பட்டர்வொர்த்தில் நான் பார்த்த பச்சை என் கையில் இருந்தது.

இதை நான் மறந்தது எனக்கே பொறுக்கவில்லை, ஏனென்றால் பட்டறையில் என் வேலையே இதுதான். ஒரே நிறம்போலத் தெரியும் இரண்டு பெயிண்டுகளில் வேறு வேறு நிறமிகள் கலந்திருக்கலாம். ஒரு விளக்கின் கீழ் அவை ஒத்துப்போகும், இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்து நிற்கும். மெட்டமெரிசம் என்று இதற்குப் பெயர். இடிபட்ட கதவுக்குப் புதிதாகக் கலந்த பெயிண்டை அடித்தால், வண்டியை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் பார்க்காமல் உரிமையாளரிடம் ஒரு நாளும் நான் ஒப்படைத்ததில்லை. பச்சையும் சாம்பலும் இதில் மிகவும் ஏமாற்றும். மலிவான எல்.இ.டி. விளக்கில் சிவப்பு ஒளி குறைவு. அதனால் ஒரு வண்ணத்துக்குள் இருக்கும் மஞ்சளும் சிவப்பும் அடங்கி, நீலம் மேலே எழுந்து தெரியும். மண்டபத்தில் எந்த விளக்கு எரிகிறது என்றுகூடப் பாராமல், அசலை வெயிலில் பார்த்த நினைவோடு அதை ஒப்பிட்டுவிட்டேன். நினைவும் முழுமையாக நம்பத்தக்கதன்று. மனத்தில் நிற்கும் நிறம் பெரும்பாலும் அசலைவிட அழுத்தமாகவே நிற்கும்.

விளக்கு சரியாக இருந்தாலும் சாயலைத் தீர்ப்பது எளிதன்று. மேசையில் இருக்கும் மாதிரியை நாம் அறுபது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறோம். 1:87 கணக்கில் அது அசல் பெட்டியை ஐம்பத்திரண்டு மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில், இடையிலுள்ள காற்றும் வெளிச்சமும் கலந்து, எந்த வண்ணமும் சற்று வெளிறியே தெரியும். ரயில்வே பயன்படுத்திய அதே டப்பாவிலிருந்து பெயிண்ட் எடுத்து மாதிரிக்கு அடித்தால் அது இருண்டு கனமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அனுபவமுள்ளவர்கள் துளி வெள்ளை கலந்தே அடிப்பார்கள். கடைசியாகப் பூசும் வார்னிஷும் நிறத்தை மாற்றும்: பளபளப்பானது ஆழமாக்கும், மங்கலானது வெளுப்பாக்கும். ஆகவே வண்ண அட்டையை மாதிரியின் பக்கத்தில் வைத்து, ஒட்டிப்போகிறதா என்று மட்டும் பார்க்கும் நடுவர், கவனமாகச் செய்தவரைத்தான் தண்டிப்பார்.

பழைய புகைப்படம் சாட்சியாக வரும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1970களின் வண்ணப் பிரதிகள் பலவற்றில் நீலம் சார்ந்த சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் சிவப்பேறிவிடும். அதைப் பார்த்து, பெட்டி அந்தக் காலத்தில் செம்மையாக இருந்தது என்று ஒருவர் வாதிட்டதை நான் கேட்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம் இதைவிட ஆபத்தானது. 1901இல் உருவான மலாய் கூட்டு மாநில ரயில்வேயின் தொடக்க கால வண்டிகளைப் படம் பிடித்த நாட்களில் பரவலாக இருந்த புகைப்பட பிளேட்டுகளுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. சிவப்பு அவற்றில் கறுப்பாக விழும், நீலம் வெளிறி விழும். அப்படி ஒரு படத்தில் பெட்டி கருமையாகத் தெரிந்தால், அது கறுப்பா அடர்சிவப்பா என்று அந்தப் படத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

வண்ணங்கள் சந்திக்கும் இடம் அப்படியன்று. அதை அளந்து பார்க்கலாம். எந்த விளக்கின் கீழும், எந்தப் படத்திலும், வெளிறிய பிரதியிலும்கூட, கிரீம் எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்குகிறது என்பது ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து இவ்வளவு தூரம் என்று நிச்சயமாகத் தெரியும். 1:87இல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அசலில் 87 மி.மீ., கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம். ஓடும் பெட்டியில் அந்த எல்லை ஓர் உள்ளங்கை கீழே இறங்கியிருந்தால் தெருவில் போகிறவர்கூடக் கண்டுபிடிப்பார். ஆனால் மாதிரியில் அதைப் பார்க்காமல், பச்சை சரியா என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டின் கனமும் அப்படியே. பிரிட்டிஷ் பெட்டிகளில் அரை அங்குலக் கோடு ஒன்று ஓடுகிறது என்றால், அவர்களுடைய 1:76 அளவில் அது 0.17 மி.மீ. மட்டுமே. ஏறக்குறைய இரண்டு தலைமுடித் தடிமன், அவ்வளவுதான். அதையே 0.4 மி.மீ. கனத்தில் அச்சிட்டால் அசலில் முப்பது மில்லிமீட்டர் பட்டையாகிவிடும். பெட்டி பொம்மையைப்போலத் தோன்றுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் கண்டதில்லை. நான் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்திருக்கிறேன். அதை வைத்துப் பார்க்கும்போது முதலில் கதவு ஓரங்களையும், கைப்பிடிக்குப் பின்னால் உள்ள இடத்தையும், பலகைகள் கூடும் மேட்டு வரிகளையும் பார்ப்பேன். பெயிண்ட் படாமல் மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப் மேட்டைத் தாண்டும் இடத்தில் சரியாக ஒட்டாமல், பெயிண்ட் அடியில் கசிந்து எல்லை பல்பல்லாக நிற்கும். சிவப்பின் மேல் கிரீமை அடித்திருந்தால் அந்த இடத்தில் கிரீம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதனால்தான் வெளிர் நிறத்தை முதலில் அடித்து, காயவிட்டு, மூடி, அடர்நிறத்தைப் பிறகு அடிக்க வேண்டும். தொழிற்சாலையில் சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்து மேலே கிரீமை அச்சிட்ட பெட்டிகளிலும் அந்த இளஞ்சிவப்பை நான் பார்த்திருக்கிறேன். எண்ணை அச்சிட்டு ஒட்டும் மெல்லிய படலமான டீக்காலின் விளிம்பு மின்னுகிறதா என்பதையும் பார்ப்பேன். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போலத் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒட்டி, பிறகு மங்கல் வார்னிஷ் அடித்தவருடைய பெட்டியில் அது தெரியாது.

அடுத்து வருவது காலம். ஒரு பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரே காலத்தில் இருந்திருக்க வேண்டும். பிரிட்டனின் மார்க் 1 பெட்டிகள் 1951இல் வந்தபோது கருஞ்சிவப்பும் கிரீமும் உடுத்தியிருந்தன. 1956 முதல் முழு மெரூன். 1960களின் நடுவில் நீலமும் சாம்பலும். முதல் வகுப்பைக் காட்ட ஜன்னலுக்கு மேலே ஓடும் மஞ்சள் பட்டை 1960களில்தான் வந்தது. ஆகவே கருஞ்சிவப்பு கிரீம் பெட்டியில் மஞ்சள் பட்டை இருந்தால், சிவப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பெட்டி எந்த நாளிலும் ஓடியதில்லை.

நம்மவர்கள் பலருக்கு விருப்பமான இந்தியப் பெட்டிகளில் இது இன்னும் சுலபம். சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டிகள் நெடுங்காலம் மெரூன் நிறத்தில் ஓடி, 1990களில் காற்றழுத்த பிரேக் பரவியதோடு நீலத்துக்கு மாறின. பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லும். ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள் இந்தியாவுக்கு வந்தது 2000இல். எனவே எல்.எச்.பி. உடலின் மேல் 82 என்று தொடங்கும் எண் இருந்தால், அந்த மாதிரியைச் செய்தவர் வண்ணத்தைத் தேடிய அளவுக்கு எண்ணைத் தேடவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அன்றைய கூடலில் ஒரு மெரூன் ஐ.சி.எஃப். பெட்டி இருந்தது. சென்னை சென்ட்ரலில் ஏறியபோது பார்த்த நிறம் இதுவன்று என்று ஒரு நண்பர் உறுதியாகச் சொன்னார். செய்தவரோ எண், எழுத்தின் உயரம், மும்மொழிப் பெயர் இருக்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தார். என் கணக்கில் அவருடைய உழைப்புக்கே மதிப்பு அதிகம். வெயிலிலும் மழையிலும் ஓடும் மெரூன், பட்டறையிலிருந்து வெளிவந்த மாதத்தில் ஒரு நிறமாகவும் நான்காம் ஆண்டில் வேறு நிறமாகவும் இருக்கும். எழுத்து வெயிலில் இடம் மாறுவதில்லை.

அதற்காக சாயலைக் கவனிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருஞ்சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு இருந்தால் அது பிழை. ஆனால் அந்தத் தீர்ப்பை வாசல் வெளிச்சத்தில், கடைசியாக, பெரிய விலகலுக்கு மட்டுமே சொல்ல வேண்டும். எங்கள் பழைய தாளில் நாற்பதில் இருபது மதிப்பெண் சாயலுக்கே போய்க்கொண்டிருந்தது. அடுத்த கூடலுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் தாளில் எல்லைக்கும் கோட்டுக்கும் பதினாறு, எழுத்துக்கும் காலப் பொருத்தத்துக்கும் பன்னிரண்டு, சாயலுக்கு எட்டு, பூச்சின் நேர்த்திக்கு நான்கு. மேசையையும் ஜன்னலோரம் போடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த இளைஞரின் பெட்டியை மறுவாரம் அவர் வீட்டுக்குப் போய், மாடிப்படிக்கட்டின் வெளிச்சத்தில் மீண்டும் பார்த்தேன். பச்சைக்கு நான் குறைத்த மதிப்பெண் தவறு என்று அவரிடமே சொன்னேன். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது: இடது பக்கம், கடைசிக் கதவை ஒட்டி, கிரீமின் விளிம்பு அரை மில்லிமீட்டர் சரிந்திருந்தது. அசலில் அது 43.5 மி.மீ. அன்று பச்சையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்ததில் இதை நான் பார்க்கவே இல்லை. அவர் லென்ஸை வாங்கி, கதவின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு தடவை அளந்தார். "ஆமா அங்கிள், டேப் அங்கே தூக்கிடுச்சு" என்றார். பிறகு அந்த ஒரு கதவை மட்டும் சுரண்டிவிட்டு, கிரீமிலிருந்து திரும்பத் தொடங்குவதற்காக ஒரு டப்பாவைத் திறந்தார்.